30 சிட்டிங், 45,000 ரூபாய்: முதுகு வலிக்கு இஎம்ஐ போடலாமா?

30 சிட்டிங். மொத்தம் 45,000 ரூபாய். ஒன்பது மாசம் "நோ காஸ்ட் இஎம்ஐ", மாசம் 5,000. ஒரேயடியா கட்டினா 40,000 மட்டும். கூடவே மூணு மாசத்துக்கு மெக்னீசியம், டி3-கே2, கொலாஜன், வே புரோட்டீன் என்று மாசம் 4,500 ரூபாய்க்கு ஒரு சப்ளிமென்ட் பட்டியல்.

இந்த கொட்டேஷனை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினவர் சிங்காரப்பேட்டைக்காரர். வயசு 26. ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலை. வாரம் முழுக்க ஓசூரில் ரூம், லீவு கிடைச்சா ஊத்தங்கரை வழியா ஊருக்குப் பஸ். எட்டு மணி நேரம் நின்ற வேலை, மாறி மாறி நைட் ஷிஃப்ட், மூணு மாசமா இடுப்பு வலி. ஸ்கேனில் "எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்" என்று வந்திருக்கிறது. பெங்களூர் பக்கம் ஒரு கைரோபிராக்டர் கிளினிக்கில் விட்டுவிடாதீங்க, ஜவ்வு விலகிட்டே போகுது என்று சொல்லி இந்த பேக்கேஜைக் கொடுத்திருக்கிறார்கள். "அண்ணா, போடலாமா?" என்று கேட்டிருந்தார்.

மருத்துவம் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் 45,000 ரூபாய்க்கு என்ன வாங்குகிறோம், விற்கிறவர் சொல்வதற்கு ஆதாரம் என்ன, அந்த ஆதாரத்தை யார் சரிபார்த்தது என்று கேட்பது என் தொழில். முதுகு வலியில் ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் வேலை பார்க்கிற பாதிப் பேர் இருப்பீங்க. அதனால் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல கணக்கு

அவருடைய கிராஸ் சம்பளம் 20,500. பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 154 போக, கைக்கு வருவது ஏறக்குறைய 18,500. பேக்கேஜ் 45,000, சப்ளிமென்ட் 13,500. ஓசூரிலிருந்து போய்வர ஒரு தடவைக்கு 200 என்று வைத்தாலே 30 தடவைக்கு 6,000. கூட்டினால் 64,500. அதாவது மூணரை மாசச் சம்பளம். லீவு போட்டு, சம்பளம் பிடிப்பானால் அது தனி.

அடுத்து அந்த "நோ காஸ்ட்". ஒரேயடியா கட்டினா 40,000 என்றால், அந்தச் சிகிச்சையின் உண்மையான விலை 40,000 தான். அதைத் தவணையில் 45,000 கட்டுகிறீங்க என்றால் 5,000 ரூபாய் வட்டி. எக்செலில் ரேட் ஃபங்ஷனைத் திறந்து 9, -5000, 40000 என்று போடுங்க. மாசத்துக்கு 2.4 சதவீதம் வரும். வருஷத்துக்கு 29 சதவீதம். நகைக்கடன் இதில் பாதி வட்டிக்குக் கூட கிடைக்கும். பிராசசிங் ஃபீயும் அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு. இஎம்ஐ கடனை உங்களுக்குக் கொடுப்பது கிளினிக் இல்லை, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. கிளினிக்குக்கு அன்றைக்கே பணம் போய்விடும். ஆறாவது சிட்டிங்கிலேயே வலி போனாலும், அல்லது வலி அதிகமாகி நீங்க நிறுத்தினாலும், கிளினிக்கே ஷட்டரை இழுத்துச் சாத்தினாலும், ஒன்பது மாசமும் தவணை கட்டியாகணும். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோரில் அடி உங்களுக்கு. முன்பணம் கட்டி பேக்கேஜ் வாங்குவதைக் கணக்கு மொழியில் சொன்னால், நீங்க அந்த கிளினிக்குக்கு அடமானமே இல்லாமல் கடன் கொடுத்திருக்கீங்க. ஜிம், டியூஷன் ஆப், பியூட்டி பார்லர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கைரோபிராக்டர் என்றால் யார்?

1895-ல் அமெரிக்காவில், ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் மளிகைக்கடை வைத்திருந்தார், பிறகு காந்த வைத்தியம் செய்தார். காது கேட்காத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்திச் சரி செய்ததும் அவருக்குக் காது கேட்டது என்பதுதான் ஆரம்பக் கதை. முதுகெலும்பில் ஏற்படும் சின்னச் சின்ன விலகல்கள் நரம்பை அழுத்துகின்றன, பெரும்பாலான நோய்களுக்கு அதுவே காரணம் என்றார் பாமர். அந்த விலகலுக்கு அவர்கள் வைத்த பெயர் "சப்லக்சேஷன்". எக்ஸ்ரேயில் கோடு போட்டுக் காட்டி "பாருங்க, இங்க அலைன்மென்ட் போயிருக்கு" என்று சொல்வதெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

இதைப் பற்றி மற்ற டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை விடுங்க. பிரிட்டனில் கைரோபிராக்டர்களையே பதிவு செய்து கண்காணிக்கிற ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சில் 2010-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சப்லக்சேஷன் என்பது வரலாற்றுக் கருத்து, நோய்க்கு அது காரணம் என்று சொல்வதற்கு மருத்துவ ஆராய்ச்சியில் ஆதாரம் இல்லை என்று அந்தத் தொழிலின் கவுன்சிலே எழுதிக் கொடுத்திருக்கிறது.

அமெரிக்கா, பிரிட்டன் மாதிரி நாடுகளில் இதற்குப் பல வருஷப் பட்டப்படிப்பு, லைசென்ஸ் எல்லாம் உண்டு. நம்ம நாட்டில் கைரோபிராக்டிக்கிற்கு என்று தனிக் கவுன்சில் கிடையாது. அதனால் போர்டில் அந்தப் பெயர் இருந்தால், உள்ளே இருப்பவர் வெளிநாட்டில் முறையாகப் படித்தவராக இருக்கலாம், பிசியோதெரபி பட்டம் வாங்கி இதையும் கற்றவராக இருக்கலாம், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கினவராகவும் இருக்கலாம். போர்டைப் பார்த்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. "சார், உங்க அடிப்படைப் பட்டம் என்ன, எந்தக் கவுன்சிலில் பதிவு?" என்று கேளுங்க. நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள்.

இதில் ஒரு ஜிஎஸ்டி நுணுக்கமும் இருக்கிறது, என்னால் சொல்லாமல் இருக்க முடியாது. மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் 12/2017 அறிவிக்கையில் அதற்கு வைத்திருக்கிற வரையறை, இந்தியாவில் "அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறையில்" செய்யும் சிகிச்சை என்பது. ஆங்கில மருத்துவம், ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஹோமியோபதி, யோகா, இயற்கை மருத்துவம் அதற்குள் வரும். கைரோபிராக்டிக் வருமா என்பது கேள்விக்குறி. பில் கேளுங்க. பில்லில் என்ன சேவை என்று எழுதித் தருகிறார்கள் என்று பாருங்க. சிகிச்சை என்று வாயால் சொல்லிவிட்டு, பில்லில் "வெல்னஸ் பேக்கேஜ்" என்று இருந்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

வருமான வரியிலும் கழிவு வராது. 80டி என்று நமக்குப் பழகின கழிவு இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கும் 5,000 ரூபாய் வரை முன்கூட்டிய உடல் பரிசோதனைக்கும்தான். அதுவும் பழைய வரி முறையில் மட்டும். "டாக்ஸ் பெனிஃபிட் இருக்கு சார்" என்று கவுண்டரில் யாராவது சொன்னால், எந்தப் பிரிவில் என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்கப் பாருங்க.

முதுகுக்கு இது வேலை செய்யுமா?

கைரோபிராக்டர்கள் முழுக்க ஏமாற்றுகிறார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. உண்மை அப்படி இல்லை.

உலகத்தில் இடுப்பு வலி உள்ளவர்கள் 2020 கணக்குப்படி 61.9 கோடிப் பேர். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதல் முறையாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநல ஆதரவு ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையால் இயக்கும் சிகிச்சையும் மசாஜும் பரிந்துரைப் பட்டியலில் இருக்கின்றன. எதைச் செய்யாதீங்க என்ற பட்டியலில் இருப்பது என்ன தெரியுமா? மெடிக்கல் ஷாப்பில் நாம் எல்லாரும் வாங்கி மாட்டுகிற இடுப்பு பெல்ட். அப்புறம் டிராக்‌ஷன் என்கிற இழுவை.

2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. நாள்பட்ட இடுப்பு வலியில் இந்தக் கைச் சிகிச்சையின் பலன், ஏற்கெனவே பரிந்துரைக்கப்படும் மற்ற சிகிச்சைகளின் பலனுக்கு ஏறக்குறைய சமம் என்பது முடிவு. இந்த வரியை ஒரு முதலீட்டாளராகப் படியுங்க. ஒரு ஃபண்டு இண்டெக்ஸ் அளவுக்கே ரிட்டர்ன் கொடுக்கிறது, ஆனால் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ பத்து மடங்கு என்றால் எதை வாங்குவீங்க? பிசியோதெரபிஸ்ட் நாலு நாள் சொல்லிக் கொடுத்து நீங்க ரூமில் தினமும் செய்கிற பயிற்சிதான் இங்கே இண்டெக்ஸ் ஃபண்டு. எந்த ஊரிலும் அதை விற்பதற்கு ஆள் வைக்க மாட்டார்கள், கமிஷன் இல்லை.

"எனக்கு நல்லா ஆச்சே, ஆறாவது சிட்டிங்கிலேயே வலி பறந்துடுச்சே" என்பீங்க. இருக்கலாம். ஆனால் திடீரென்று வரும் இடுப்பு வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் தானாகவே நன்றாகக் குறையும். நாமும் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் கிளினிக்குக்குப் போகிறோம். உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தானே? மார்க்கெட் கீழே விழுந்து கிடந்த மாசத்தில் எஸ்ஐபி ஆரம்பித்தவன், "என் டிப்ஸ்டர் சூப்பர்" என்று சொல்வது மாதிரி. அந்த ஆறு வாரத்தில் எதுவுமே செய்யாதவருக்கு எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிடணும். அதுதான் பெஞ்ச்மார்க். நிஃப்டியோடு ஒப்பிடாமல் ஒரு ஃபண்டின் ரிட்டர்னை நான் சொன்னால் என் வீடியோவுக்குக் கீழேயே கழுவி ஊற்றுவீங்க. முதுகுக்கும் அதே கறார் வேணும்.

இப்போ தம்பியின் ஸ்கேன். "டிஸ்க் பல்ஜ்" என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்கு ராத்திரி தூக்கம் போச்சு. 2015-ல் அமெரிக்க நரம்புக் கதிரியல் இதழில் ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்தது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்கள், 33 ஆய்வுகளிலிருந்து. இருபது வயதுக்காரர்களில், எந்த வலியும் இல்லாதவர்களிலேயே, 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ். 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம். எண்பது வயதில் அது 96 சதவீதம். தலை நரைப்பது மாதிரிதான் இதுவும் பல பேருக்கு. ஸ்கேனில் இருப்பதுதான் வலிக்குக் காரணம் என்று ஒரு டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்த்து, காலைத் தூக்கச் சொல்லி, நடக்கச் சொல்லிப் பார்த்து முடிவு செய்யணும். பேப்பரை மட்டும் பார்த்து 30 சிட்டிங் எழுதுவது, பேலன்ஸ் ஷீட்டின் ஒரு வரியைப் பார்த்துக் கம்பெனியை விலை பேசுவது.

ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் இந்தக் கட்டுரையைக் கூட முடிக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. காலில் பலம் குறைந்து பாதம் இழுபடுவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கில் மரத்துப் போவது, வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, வண்டியிலிருந்து விழுந்த பிறகு வந்த வலி. இதற்கெல்லாம் நெட்டி எடுக்கிற யாரிடமும் போகக் கூடாது.

கழுத்து இன்னொரு தனி விஷயம். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு, "டக்" என்று சத்தம். சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சத்தம் எலும்பு சரியான இடத்தில் உட்கார்ந்ததால் வருவது இல்லை. மூட்டுத் திரவத்துக்குள் வாயு வெற்றிடம் உண்டாகும் சத்தம். விரலில் நெட்டி முறித்தாலும் அதே சத்தம்தான். 2017-ல் டெல்லியில் ஒருவர் சலூனில் இப்படிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, உதரவிதானத்தை இயக்கும் நரம்பு அடிபட்டு மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்த செய்தி நாடு முழுக்க வந்தது. கழுத்தை வேகமாகத் திருப்புவதற்கும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவதற்கும் தொடர்பு காணப்படுகிறது, அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை என்றாலும் சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் சொல்லியாகணும் என்று அமெரிக்க இதய சங்கம் 2014-ல் அறிக்கை விட்டது. அரிதுதான். ஆனால் அரிதான, மீள முடியாத நஷ்டத்துக்கு டெர்ம் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிற நான், சுகத்துக்காகக் கழுத்தைக் கொடுங்க என்று சொல்ல முடியாது.

அரிசியை விடு, பவுடரைக் குடி

முதுகோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இப்போ கைரோபிராக்டர்கள்தான் சாப்பாட்டுக்கும் பெரிய குரு. அமெரிக்காவில் எரிக் பெர்க் என்பவரின் யூடியூப் சானலுக்கு ஒரு கோடிக்கும் மேல் சப்ஸ்கிரைபர்கள். கீட்டோ, இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் என்று ஆயிரக்கணக்கான வீடியோ. பெயருக்கு முன்னால் டாக்டர். அவர் கைரோபிராக்டர், இப்போது பிராக்டிஸ் செய்வதில்லை என்பதை வீடியோவின் கீழே உள்ள விவரத்தில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், நாம்தான் அதைப் படிப்பதில்லை. அவர் பெயரிலேயே சப்ளிமென்ட் பிராண்டும் இருக்கிறது.

சர்க்கரையைக் குறை, பாக்கெட் தின்பண்டத்தை விடு, நேரத்துக்குத் தூங்கு என்று இவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அதற்கு நமக்கு டேவன்போர்ட் வரை போக வேண்டியதில்லை, நம்ம பாட்டி போதும். சிக்கல், அதற்கு அடுத்த படியில். "அரிசியை முழுசா விடணும், கொழுப்பு மட்டும் சாப்பிடணும், குறையை இந்த டப்பா நிரப்பும்."

2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருஷம் பார்த்தது. ஒரு குழு கொழுப்பைக் குறைத்தது, இன்னொன்று மாவுச்சத்தைக் குறைத்தது. சராசரி எடைக் குறைவு 5.3 கிலோ, 6 கிலோ. புள்ளியியல்படி பெரிய வித்தியாசம் இல்லை. எது உங்களால் விடாமல் ஒரு வருஷம் தொடர முடியுமோ அதுதான் உங்களுக்கான டயட். நைட் ஷிஃப்ட் முடித்து கேன்டீனில் சாப்பிடுகிறவர் கீட்டோவை எத்தனை நாள் தொடருவார்? சுகருக்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் வீடியோ பார்த்து இதை ஆரம்பிக்கவே கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

புரோட்டீன் கணக்கு போடுவோம். ஐசிஎம்ஆர் சொல்கிற அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ இருந்தால் நாளுக்கு 50 கிராம். முட்டை ஏழு ரூபாய் என்று வைத்தால் ஆறு கிராம் புரோட்டீன், கிராமுக்கு 1 ரூபாய் 17 காசு. நிலக்கடலை கிலோ 140 என்றால் 250 கிராம் புரோட்டீன், கிராமுக்கு 56 காசு. கொள்ளு கிலோ 90 என்றால் கிராமுக்கு 41 காசு. வே பவுடர் கிலோ 2,500, அதில் முக்கால் பங்கு புரோட்டீன் என்று தாராளமாக வைத்தாலும் கிராமுக்கு 3 ரூபாய் 33 காசு. உங்க கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்க, வரிசை மாறாது. 2024 மே மாசம் வந்த ஐசிஎம்ஆர் உணவு வழிகாட்டியும் உடம்பு ஏற்ற புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கச் சொல்கிறது.

எலும்புக்குக் கால்சியம் டப்பா வேறு. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளைகிற கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். களியும் கொள்ளுக் குழம்பும் இன்ஸ்டாகிராமில் அழகாக வராது, அவ்வளவுதான் குறை. விட்டமின் டி, பி12 குறைபாடு நிஜமாகவே நிறையப் பேருக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் எழுதினால் மாத்திரை வாங்கிக்கோங்க. குறைபாடு இருக்கிறதா என்றே பார்க்காமல் மாசம் 4,500 கட்டுவதுதான் வேண்டாம் என்கிறேன். டப்பாவைத் திருப்பிப் பாருங்க: மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று எழுதியிருக்கும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி எழுதியே ஆகணும். முன்பக்கம் சொல்வதை விற்பவர் எழுதுகிறார், பின்பக்கம் சொல்வதைச் சட்டம் எழுத வைக்கிறது.

"ஆராய்ச்சி எல்லாம் கம்பெனிக்காரன் காசு"

இவர்களின் பேச்சில் எனக்கு ரொம்பச் சுவாரசியமான பகுதி இதுதான், ஏனென்றால் இதில் பாதி உண்மை. மருந்துக் கம்பெனிகள் பொய் சொன்னதுண்டு. வயாக்ஸ் என்ற வலி மாத்திரையை 2004-ல் மெர்க் கம்பெனி திரும்பப் பெற்றது, மாரடைப்பு ஆபத்து காரணமாக. ஆக்சிகான்டின் வலி மாத்திரைக்கு அடிமையாகும் வாய்ப்பு குறைவு என்று தவறாக விற்றதை பர்டியூ கம்பெனி 2007-ல் கோர்ட்டிலேயே ஒப்புக்கொண்டது. டாக்டர்கள் கைரோபிராக்டர்களை அடக்கினார்கள் என்பதும் உண்மை. அமெரிக்க மருத்துவ சங்கம் அவர்களைத் திட்டமிட்டுப் புறக்கணித்தது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று 1987-ல் தீர்ப்பே வந்தது.

மறுபக்கமும் நடந்தது. சைமன் சிங், பஞ்சாபி வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் அறிவியல் எழுத்தாளர். குழந்தைகளின் வயிற்று வலி, காது தொற்று, ஆஸ்துமா எல்லாம் கைரோபிராக்டிக்கால் சரியாகும் என்ற பிரச்சாரத்துக்கு ஆதாரம் இல்லை என்று 2008-ல் கார்டியன் பத்திரிகையில் எழுதினார். பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் ஆய்வை எடுத்துக் காட்டிப் பதில் சொல்லாமல் அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டது. இரண்டு வருஷம் இழுத்து, 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டில் அவர் பக்கம் தீர்ப்பு வந்ததும் வழக்கை வாபஸ் வாங்கியது. அவதூறுச் சட்டத்தையே மாற்றச் சொல்லி எழுந்த இயக்கத்துக்கு இந்த வழக்கு பெரிய காரணம். 2013-ல் புதுச் சட்டம் வந்தது.

கம்பெனிக்காரன் காசு வாங்கிய ஆராய்ச்சியைச் சந்தேகப்படச் சொல்கிறவர், தன் பெயர் போட்ட டப்பாவை விற்கும்போது அதே சந்தேகம் அவருக்கும் பொருந்தணும் இல்லையா? ஆடிட்டில் இதற்குப் பெயர் சுதந்திரம். கிளையன்ட்டின் பங்கை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்கு நான் ஆடிட்டராக இருக்க முடியாது. வயாக்ஸ் சிக்கியது யூடியூபில் யாரோ அம்பலப்படுத்தியதால் இல்லை, ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்திய ஆய்வில் எண்ணிக்கை காட்டிக் கொடுத்ததால். தப்பைப் பிடிக்கிற ஏற்பாடு ஆராய்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வீடியோவில் சொன்ன பொய்யைப் பிடிக்க எந்த ஏற்பாடு இருக்கிறது?

கொஞ்சம் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் துறை, உடல்நலம் பற்றிப் பேசும் இன்ஃப்ளூயன்சர்கள் தங்கள் தகுதியை வெளிப்படையாகச் சொல்லணும், தகுதியில்லாதவர்கள் இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று இல்லை என்று சொல்லணும் என்று வழிகாட்டுதல் போட்டது. எங்க பக்கத்தில் செபி இன்னும் கடுமை. அதே வருஷம் அக்டோபரில், பதிவு இல்லாமல் பங்கு ஆலோசனை விற்ற "பாப் ஆஃப் சார்ட்" தரப்பிடம் 17.2 கோடியைக் கட்டி வைக்கச் சொன்னது. டிப்ஸ்டரிடம் செபி நம்பர் கேட்கப் பழகிட்டீங்க. உடம்புக்கும் அப்படிக் கேளுங்க.

நீங்க ஏற்கெனவே கட்டுகிற காசு

தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இஎஸ்ஐ கார்டு எங்கே?" பெட்டிக்குள் எங்கேயோ இருக்கிறது என்றார். மாசம் 154 அவர் சம்பளத்திலிருந்து, 667 கம்பெனியிலிருந்து, மொத்தம் 821 ரூபாய். மூணு வருஷமாகக் கட்டிவிட்டு ஒரு நாள் கூட உள்ளே போனதில்லை. ஓசூரில் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. எலும்பு டாக்டர் பார்த்து பிசியோதெரபி எழுதினால் அதற்குக் காசு இல்லை. டாக்டர் ஓய்வு எழுதினால், சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அந்தப் பங்களிப்பு அரையாண்டில் 78 நாள் கட்டியிருக்கணும். சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும், ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்ற அந்த அரையாண்டு முடியும் வரை கவர் தொடரும். இன்கிரிமென்ட் வந்த மாசமே போச்சு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கூட்டம், காத்திருப்பு எல்லாம் இருக்கத்தான் செய்யும். அதற்கு அரை நாள் லீவு போதும், மூணரை மாசச் சம்பளம் வேண்டாம்.

இஎஸ்ஐக்கு மேலே சம்பளம் போனவர்களுக்கு கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஊரில் அப்பா அம்மாவுக்கு நடக்க முடியாத நிலை என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்ட் 5-ல் அந்தத் திட்டம் ஆரம்பித்ததே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்.

இதற்கு மேலும் கைரோபிராக்டரிடம் போகணும் என்று தோன்றினால் போங்க, தடுக்க மாட்டேன். அங்கே நல்ல கைகள் உண்டு, வலி குறைந்தவர்களும் உண்டு. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் அன்றன்றைக்குக் காசு கொடுங்க. நாலு தடவையில் மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்துங்க. கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிடுங்க. "சிட்டிங் முடிந்தாலும் மாசாமாசம் மெயின்டெனன்ஸுக்கு வரணும்" என்றால், வலி இல்லாதவனுக்கு எதற்கு என்று கேளுங்க.

ஏற்கெனவே பேக்கேஜ் கட்டிவிட்டு மாட்டியிருக்கிறவர்களுக்கு: மீதி சிட்டிங்குக்கான பணத்தை மெயிலில் கேளுங்க, போனில் வேண்டாம். பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. கிளினிக் கர்நாடகாவில் இருக்கிறதே, அட்டிபெலே தாண்டி பெங்களூரு கோர்ட்டுக்கு அலையணுமா என்று பல பேர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. 2019 சட்டத்தின் 34-ஆவது பிரிவு, நீங்க குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது. ஓசூரில் வேலை, சிங்காரப்பேட்டையில் வீடு என்றால் இரண்டுமே கிருஷ்ணகிரி மாவட்டம்தான். ரசீது, வாட்ஸ்அப் கொட்டேஷன், இஎம்ஐ ஸ்டேட்மென்ட் மூணையும் பத்திரமா வைத்துக்கோங்க.